சுண்டெலிப் பால்மடிக் கட்டித் தீநுண்மி

சுண்டெலிப் பால்மடிக் கட்டித் தீநுண்மி என்பது சுண்டெலிகளில் பால்மடிப் புற்றுநோயை உண்டாக்கும் ஒரு ரெட்ரோவைரஸ் ஆகும். இந்நோய்க் காரணி தாய்ப்பால் வழியே குட்டிகளுக்குப் பரவுவதை அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் பிட்னர் 1936 ஆம் ஆண்டில் அறிவித்தார்.

ஓம்புயிர் மரபியலின் பங்கு

தொற்று மட்டுமே நோயைத் தீர்மானிப்பதில்லை. பாலுடன் குடலை அடையும் தீநுண்மி, நோயெதிர்ப்பு உயிரணுக்களின் துணையுடனேயே பால்மடியைச் சென்றடைகிறது. அதன் புரதம் ஒன்று டி உயிரணுக்களை மிகையாகத் தூண்டுகிறது. அதனால் தொற்றுக்குள்ளான பி உயிரணுக்கள் பெருகுகின்றன. இத்தூண்டலுக்குப் பெரிதும் உதவும் ஐ-ஈ என்னும் ஓம்புயிர்ப் புரதம் சி57பிஎல்/6 வகை எலிகளில் இல்லாததால், அவற்றில் தொற்று எளிதில் பரவுவதில்லை.

சில எலிகளின் மரபணுத்தொகுதியில் இத்தீநுண்மியின் படிகள் பரம்பரையாகவே அமைந்துள்ளன. அவை உருவாக்கும் அதே புரதம், தான் தூண்டக்கூடிய டி உயிரணுக்களை இளமையிலேயே அழியச் செய்கிறது. ஆகவே அவ்வுயிரணுக்களை நம்பியுள்ள புறத்தீநுண்மி பரவ இயலாமற் போகிறது. பழைய தொற்றின் எச்சமே காப்பாக அமைகிறது.

ஐ/எல்என்ஜே வகை எலிகளோ எதிர்ப்பொருள்களால் தீநுண்மியை முடக்குகின்றன. இப்பண்புக்கு எச்2-ஓபி மரபணு காரணம் என 2017 இல் கண்டறியப்பட்டது.

முக்கியத்துவம்

மனித மார்பகப் புற்றுநோயில் இதையொத்த தீநுண்மிக்குப் பங்கு உண்டா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. எலிகளில் கிடைத்த முடிவுகளின்படி, தீநுண்மி இருப்பதைக் காட்டுவது மட்டும் அதற்கு விடையாகாது. ஓம்புயிரின் மரபணுக்களையும் சேர்த்தே ஆராய வேண்டும்.