அடையாறு இருக்க அவலாஞ்சி எதற்கு?
சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை வந்தால் போதும், மயிலாப்பூர் நண்பர் ட்ரவுட் பிடிக்க நீலகிரிக்குக் கூப்பிடுகிறார். அந்த மீனும் மலைக்கு வந்தேறிதான். 1863-இல் பிரான்சிஸ் டே கொண்டுவர முயன்றார், நடக்கவில்லை. 1907 வாக்கில் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான் வானவில் ட்ரவுட் நிலைத்தது. எல்லாம் துரைமாரின் பொழுதுபோக்குக்காக!

ட்ரவுட் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங் அழகான வித்தை, மறுக்கவில்லை. தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த போலிப் பூச்சிக்கு எடையே கிடையாது. வீசுவது கனத்த கயிற்றைத்தான். பூச்சி அதன் பின்னால் போய், தண்ணீரில் சத்தமில்லாமல் உட்கார வேண்டும். அந்த வித்தையைக் காட்ட ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போவானேன்? அடையாறு முகத்துவாரத்தில், உடைந்த பாலத்துப் பக்கம் மடவை உண்டு, கொடுவா உண்டு. கொடுவா இறகுப் பூச்சிக்கும் பாயும். மாட்டினால் ட்ரவுட்டைவிட முரட்டுத்தனமாக இழுக்கும்.

“அங்கே நாற்றமய்யா” என்கிறார் நண்பர். நாற்றம்தான். ஆற்றைச் சுத்தம் செய்யக் கேட்டு மனு எழுதலாம், வந்து கையெழுத்துப் போடுங்கள் என்றால், அந்த வாரம் பார்த்து அவருக்கு ஊட்டியில் வேலை.