ஒற்றை வரி அலியாஸ்

நிறுவனம் பெயர் மாறுகிறது, புது டொமைன் வருகிறது. பழைய டொமைனுக்கு வரும் மெயிலும் புதியதில் வந்து சேர வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் வைத்திருப்பவர்களில் பலர் இதற்கு வர்ச்சுவல் கோப்பில் ஒரே ஒரு வரி எழுதுகிறார்கள்: இடப்பக்கம் ஆள்பெயர் இல்லாமல் வெறும் '@' குறியும் பழைய டொமைனும், வலப்பக்கம் அதேபோல் புதியது. தன் முகவரிக்கே ஒரு சோதனை மெயில் போட்டால் வந்துவிடுகிறது. டிக்கெட்டை மூடிவிடுகிறார்கள்.

அந்த வரி இருக்கும்வரை பழைய டொமைனில் எந்தப் பெயரும் செல்லும். ஸ்பாம் அனுப்புகிறவன் வாய்க்கு வந்த பெயரைச் சொன்னாலும் நம் சர்வர் 250 சொல்லி வாங்கிக்கொள்ளும். முகவரி மாற்றி எழுதப்பட்ட பிறகுதான் புதிய டொமைனில் அப்படியொரு பெட்டியே இல்லையென்று தெரியவரும். அதற்குள் மெயில் நம் கியூவுக்குள் வந்தாயிற்று. வாசலில் 550 சொல்லித் திருப்பியிருக்க வேண்டியது, பவுன்ஸாகி, அனுப்புநர் என்று பொய்யாகப் போடப்பட்ட யாரோ ஒருவர் தலையில் போய் விழுகிறது. தடைப்பட்டியலில் ஐபி ஏறிய பிறகு எஸ்பிஎஃப்பைக் குடைந்து பயனில்லை.

அதே குறியைக் கேட்ச்-ஆலாக வைப்பவர்களுக்கு வேறு வம்பு. அலியாஸ் தேடல் மெயில்பாக்ஸ் தேடலுக்கு முன்பே நடந்துவிடும். ஆகவே பெட்டி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அவர் முகவரியை அவருக்கே காட்டும் வரி இல்லையென்றால், மொத்த அலுவலகத்தின் மெயிலும் கேட்ச்-ஆல் பெட்டிக்குள் போய்விடும்.

ஆளுக்கொரு வரி என்பதே எங்கள் கட்சி. போஸ்ட்ஃபிக்ஸ் கையேடும் இதைத்தான் சொல்கிறது. பயனர் பட்டியல் டேட்டாபேஸில் இருந்தால் சின்ன ஸ்கிரிப்ட் போதும். முடியாதவர்கள் 'ரிஜெக்ட் அன்வெரிஃபைடு ரெசிபியன்ட்' போடலாம்; ஆனால் அதன் இயல்பான பதில் 450. அதை 550 ஆக்காவிட்டால் எதிர்த்தரப்பு சர்வர் திரும்பத் திரும்ப வந்து கதவைத் தட்டும்.

சோதிக்கும்போது போஸ்ட்மேப்பின் 'க்யூ' விருப்பத்தை மட்டும் நம்ப வேண்டாம். கொடுத்த முகவரியை அப்படியே தேடுமே தவிர, '@' வரியை அது பார்க்காது. 25ஆம் போர்ட்டில் வெளியிலிருந்து இணைந்து, இல்லாத பெயர் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்.

ஸ்கிரிப்ட் எழுதுவோர் பழைய டொமைனுக்கும் போஸ்ட்மாஸ்டர், அப்யூஸ் இரண்டையும் கையால் சேர்க்கவும். முன்னது ஆர்எஃப்சி 5321 விதிக்கும் கட்டாயம். பின்னது 1997லேயே ஆர்எஃப்சி 2142 வகுத்த பெயர். ஊழியர் பட்டியலில் இரண்டுமே இருக்காது.