தைரியம் இருக்கு, வலைதான் இல்லை

தலைப்பைப் பார்த்துட்டு இன்டர்நெட் கனெக்‌ஷன் பத்தின புலம்பல்னு நினைச்சு வந்தவங்க அப்படியே உக்காருங்க :-) இது வேற வலை. பனிமலைச் சரிவுல தடம் மாறி வந்து விழுறவங்களைத் தாங்கிப் பிடிக்க ஓரமா கட்டி வச்சிருப்பாங்களே, அந்த வலை.

பனிச்சறுக்குல டவுன்ஹில்னு ஒரு பந்தயம் இருக்கு. ஸ்லாலம்ல குச்சிகளுக்கு நடுவுல வளைஞ்சு நெளிஞ்சு வரணும். டவுன்ஹில்ல திருப்பம் கம்மி, வேகம் ஜாஸ்தி. ஒரே ஓட்டம், யாருக்குக் குறைஞ்ச நேரமோ அவங்க ஜெயிச்சாங்க, அவ்வளவுதான். மணிக்கு நூறு கிலோமீட்டரைச் சர்வசாதாரணமா தாண்டுவாங்க. பெரிய போட்டிகள்ல பெண்கள் டவுன்ஹில்லுக்கு, மேலிருந்து கீழ வரைக்கும் 450 முதல் 800 மீட்டர் உயர வித்தியாசம் இருக்கணும்கிறது விதி.

ரமணாசிரமம் பக்கம் குடியிருக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கைப் புரியவைக்கிறது சுலபம். ஆசிரமத்துக்குப் பின்னாடி நிக்கிற நம்ம மலை, ஊர்மட்டத்துல இருந்து அறுநூறு மீட்டருக்கு மேல இருக்கும். தீபம் ஏத்துற உச்சிக்கு ஏறிப் போறதுக்குள்ள மணிக்கணக்கா நாக்கு தள்ளும். அதே உயரத்துல இருந்து ரெண்டே நிமிஷத்துக்குள்ள செங்கம் ரோட்டுக்கு வந்து சேர்ந்தா எப்படி இருக்கும்? அதுதான் டவுன்ஹில். 2025 பிப்ரவரி 8 அன்னிக்கு ஆஸ்திரியாவுல சால்பாக்கில் நடந்த உலக சாம்பியன்ஷிப்ல, அமெரிக்காவின் பிரீஸி ஜான்சன் 1 நிமிஷம் 41.29 வினாடியில தங்கம் வாங்கினாங்க. ரெண்டாவது வந்தவங்க 0.15 வினாடிதான் பின்னாடி. கண்ணிமைக்கிற நேரம்!

இந்த மாதிரி வீடியோவை நம்மாளுங்களுக்குக் காட்டினா வர்ற முதல் வார்த்தை என்ன தெரியுமா? "நம்ம பொண்ணுங்களுக்கு இதுக்கெல்லாம் தைரியம் வராதுப்பா." டீக்கடையிலயும் இதேதான், ஆபீஸ் வாட்சப் குரூப்லயும் இதேதான். எனக்கு எரிச்சல் வர்றது இங்கதான்.

முதல்ல, பெண்களுக்கும் தைரியத்துக்கும் என்ன சம்பந்தம்னு பார்ப்போம். பனிச்சறுக்கின் முதல் உலக சாம்பியன்ஷிப் 1931-ல சுவிட்சர்லாந்தின் மியூரன்ல நடந்தப்பவே பெண்கள் டவுன்ஹில் இருந்தது. எஸ்மே மெக்கின்னான்ங்கிற பிரிட்டிஷ் பெண் ஜெயிச்சாங்க. ஆனா ஸ்கி ஜம்பிங்னு ஒண்ணு இருக்கே, அதுல ஒலிம்பிக்குக்குள்ள பெண்களை விட்டது 2014-ல. ஆண்களுக்கு அது 1924-லயே இருந்துச்சு. தொண்ணூறு வருஷமா பெண்களுக்குத் தைரியம் இல்லாம, 2014-ல திடீர்னு வந்துடுச்சா? வந்தது அனுமதி.

சரி, இந்தியாவுக்கு வருவோம். 1988 கால்கரி குளிர்கால ஒலிம்பிக்ல ஷைலஜா குமார் ஸ்லாலம்ல 28-வது. ஓட்டத்தை முடிச்சவங்கள்ல கடைசி. சிரிக்கிறவங்க ஒண்ணு கவனிக்கணும்: கிளம்பினவங்கள்ல பாதிப்பேர் முடிக்கவே இல்லை. 2006 டூரின்ல நேஹா அஹுஜா போனாங்க. மணாலி பக்கத்துப் பொண்ணு ஆஞ்சல் தாக்கூர் 2018-ல துருக்கியில ஸ்லாலம்ல வெண்கலம், 2021-ல மாண்டினீக்ரோவுல இன்னொரு வெண்கலம். பனியே விழாத குடகுல இருந்து பவானி தெக்கட நஞ்சுண்டா கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்குல ஓடுறாங்க. இவங்க யாருக்கும் தைரியம் பத்தலைன்னு சொல்ல வாய் வருமா?

ஆனா ஒரு விஷயம் உறுத்துது. எல்லாம் ஸ்லாலம், ஜெயண்ட் ஸ்லாலம், கிராஸ் கன்ட்ரி. டவுன்ஹில் எங்கே?

காரணம் ரொம்ப எளிசு. ஸ்லாலம் பழக ஒரு சின்னச் சரிவு, கொஞ்சம் குச்சிகள் போதும். டவுன்ஹில் பழக முழு மலைச்சரிவையும் மத்தவங்களுக்கு மூடணும், பனியைக் கெட்டிப்படுத்தணும், ரெண்டு பக்கமும் வரிசை வரிசையா வலை கட்டணும், டாக்டரும் மீட்புக்குழுவும் தயாரா நிக்கணும். அதிகாரபூர்வ பயிற்சி ஓட்டத்துல கலந்துக்காதவங்களைப் பந்தயத்துல விடவே மாட்டாங்க. நம்ம பொட்டி தட்டுற பாஷையில சொன்னா, டெஸ்ட் சர்வர்ல ஓட்டாம நேரா ப்ரொடக்‌ஷன்ல ஏத்தக்கூடாது.

அந்த வலைகள் சும்மா வந்துடலை. ஆஸ்திரியாவின் உல்ரிக்கே மையர், சூப்பர்-ஜி பிரிவுல ரெண்டு தடவை உலக சாம்பியன், ஒரு பெண் குழந்தைக்கு அம்மா. 1994 ஜனவரி 29, ஜெர்மனியின் கார்மிஷ்ல டவுன்ஹில் ஓட்டத்துல விழுந்து இறந்துபோனாங்க. அதுக்கப்புறம் பாதுகாப்பு பத்தின பேச்சே மாறுச்சு. 2024-25 சீசன்ல இருந்து உலகக் கோப்பை வேகப் பந்தயங்கள்ல ஏர்பேக் வச்ச உடுப்பு கட்டாயம். பிரீஸி ஜான்சன் தங்கம் வாங்கின தடத்தோட பேரு என்ன தெரியுமா? உல்லி மையர். இந்த உல்ரிக்கே பேருதான்.

இவ்வளவுக்கு அப்புறமும் ஆபத்து போயிடலை. 2024 அக்டோபர்ல, 19 வயசு இத்தாலிப் பொண்ணு மடில்டே லோரென்ஸி பயிற்சியில விழுந்து இறந்தாங்க. வலை கட்டிட்டா யாருக்கும் எதுவும் ஆகாதுன்னு நான் சொல்ல வரலை. வலையே கட்டாம "தைரியம் பத்தாது"ன்னு தீர்ப்பு சொல்றது அயோக்கியத்தனம்னு சொல்றேன்.

நம்மகிட்ட மலை இல்லையா? குல்மர்க்ல கேபிள் கார் அஃபர்வத் உச்சிப் பக்கம் வரைக்கும் போகுது. அவுலி இருக்கு. குல்மர்க்ல 2020-ல இருந்து கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள் நடக்குது. 2025-ல பனி பத்தாம தள்ளிவச்சு மார்ச்சுல நடத்தினாங்க. அதனால பனி குறைய முன்னாடி செய்யணும்ங்கிற அவசரமும் இருக்கு.

கடைசியா ஒண்ணு. இது பனிமலைக் கதை மட்டும் இல்லைங்க. நம்ம தெருவுல ஒரு பொண்ணு ஓட்டப்பந்தயத்துக்காக வெளியூர் ஹாஸ்டலுக்குப் போறேன்னு நின்னா, வீட்ல கேட்கிற முதல் கேள்வி, "ஏதாவது ஆச்சுன்னா யாரு பார்த்துக்குவா?" அப்பா அம்மா கேட்கிறது நியாயம். அதுக்குப் பதில் சொல்ல வேண்டியது அந்தப் பொண்ணோட தைரியம் இல்லை. பயிற்சியாளர், மருத்துவம், இன்ஷூரன்ஸ், ராத்திரி பஸ் ஸ்டாண்டுல இறங்கினா கூட்டிட்டுப் போக ஆள். இதெல்லாமும் வலைதான்.

அடுத்த தடவை நம்மூர் வீராங்கனை ஒருத்தங்க கடைசியா வந்தா, மீம் போடுறதுக்கு முன்னாடி அவங்க எத்தனை மீட்டர் வலைக்கு நடுவுல பழகினாங்கன்னு கேளுங்க. மாற்றுக்கருத்து இருக்கிறவங்க பின்னூட்டத்துல வாங்க, பேசுவோம் :-)