இருப்பதை எண்ணுங்கள், இல்லாததற்குக் காப்பீடு செய்யுங்கள்



ஓய்வுபெறும் நாளில் மாலையும் பாராட்டும் கிடைக்கின்றன. பி.எஃப். தொகையும் கிராஜுவிட்டியும் கைக்கு வருகின்றன. அதே நாளில் ஓசையின்றி நம்மைவிட்டு விலகிச் செல்வதும் ஒன்று உண்டு. நிறுவனம் நமக்கும் நம் குடும்பத்துக்கும் அளித்துவந்த மருத்துவப் பாதுகாப்பே அது.

பிழைப்புக்காகப் பெங்களூருவுக்கு வந்து, பொதுத்துறை நிறுவனங்களிலும், பீனியா தொழிற்பேட்டையிலும், ஆடைத் தொழிற்சாலைகளிலும், வங்கிகளிலும், பள்ளிகளிலும் முப்பது ஆண்டுகளுக்குமேல் உழைத்த நம்மவர் பலர், அறுபதாம் வயதில்தான் முதன்முறையாக ஒரு முகவரை அழைத்து, "எந்த பாலிசி நல்லது?" என்று கேட்கின்றனர். அதற்கு முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு: "என்னிடம் ஏற்கெனவே இருப்பது என்ன?" இதற்கு விடை காணாமல் வாங்கப்படும் பாலிசி, இருப்பதையே மீண்டும் விலைகொடுத்து வாங்குவதாக முடியலாம், அல்லது தேவைப்படும் வேளையில் கைகொடாமற் போகலாம்.

இருப்பதைக் கணக்கெடுங்கள்

ஈ.எஸ்.ஐ. திட்டத்தின்கீழ் ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் காப்பீடு பெற்றிருந்து, உரிய வயதிலோ விருப்ப ஓய்விலோ பணியிலிருந்து விலகியவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தமக்கும் தம் துணைவருக்கும் ஈ.எஸ்.ஐ. மருத்துவ வசதியைத் தொடர்ந்து பெறலாம் என்பது நெடுங்காலமாக இருந்துவரும் விதி. இதை அறியாமல் கைவிட்ட குடும்பங்கள் பல. பழைய காப்பீட்டு எண்ணை எடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

மத்திய அரசுப் பணியில் ஓய்வுபெற்றவர்க்கு சி.ஜி.எச்.எஸ். உண்டு. பத்தாண்டுச் சந்தாவை ஒரே தவணையில் செலுத்தினால் வாழ்நாள் முழுவதும் அது தொடரும். முன்னாள் படைவீரர்க்கு 2003-இல் தொடங்கப்பட்ட இ.சி.எச்.எஸ். உள்ளது. வங்கி ஓய்வூதியர்க்கு 2015-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழியே வந்த குழுக் காப்பீடு உண்டு. பொதுத்துறை நிறுவனங்கள் சில, ஓய்வுபெற்றோர் பங்களிப்புடன் மருத்துவத் திட்டம் நடத்துகின்றன. இவற்றில் சேர்வதற்குக் காலக்கெடு இருக்கலாம். ஆதலால் ஓய்வுக்கு முன்னரே பணியாளர் பிரிவில் எழுத்துமூலம் கேட்டு வைத்துக்கொள்வது நலம்.

கர்நாடகத்தில் 2018 முதல் ஆயுஷ்மான் பாரத் - ஆரோக்கிய கர்நாடகா திட்டம் நடந்துவருகிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். இங்கே பலருக்கு ஒரு சிக்கல் உண்டு. வாசம் பெங்களூருவில், ரேஷன் அட்டையோ சொந்த ஊரில். கர்நாடகத் திட்டம் இம்மாநில அட்டையைப் பார்க்கும். தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமோ அம்மாநில அட்டையைப் பார்க்கும். எந்த மாநிலத்தில் முதுமையைக் கழிக்கப் போகிறோம் என்று தீர்மானித்து, அட்டையை அங்கே ஒழுங்குசெய்துகொள்ளுங்கள்.

70 வயது நிறைந்தோர்க்கு, வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை அளிக்கும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கப்பட்டது. இத்திட்டம் மாநில அரசுகளின் வழியாகவே நடைமுறைக்கு வருவதால், அட்டை கையில் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் செல்ல எண்ணும் மருத்துவமனை அதை ஏற்கிறதா என்று முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

எஞ்சிய இடைவெளியை நிரப்புங்கள்

இருப்பதைக் கணக்கிட்டபின் எஞ்சும் இடைவெளிக்கே மேற்காப்பு தேவை. இதற்கென டாப்-அப், சூப்பர் டாப்-அப் என இருவகை பாலிசிகள் உள்ளன. இரண்டிலும் 'டிடக்டிபிள்' என்னும் தொடக்க வரம்பு உண்டு. அத்தொகை வரை நம் பொறுப்பு. அதைக் கடந்த செலவே நிறுவனத்தின் பொறுப்பு. அதனால்தான் முழு பாலிசியைவிட இவற்றின் பிரீமியம் குறைவாக இருக்கிறது.

பெயர்கள் ஒன்றுபோல் தோன்றினும் வேறுபாடு பெரிது. உங்களிடம் 3 லட்சம் ரூபாய்க்கு அடிப்படைக் காப்பீடு இருக்கிறது. அதன்மேல் 3 லட்சம் தொடக்க வரம்புள்ள ஒரு மேற்காப்பு வாங்குகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். ஒரே ஆண்டில் முதலில் இரண்டரை லட்சம், பின்னர் 2 லட்சம் என இரு முறை மருத்துவமனைச் செலவு வருகிறது. டாப்-அப் ஒவ்வொரு சிகிச்சையையும் தனித்தனியே பார்க்கும். எந்த ஒன்றும் 3 லட்சத்தைத் தாண்டாததால் ஒரு ரூபாயும் தராது. சூப்பர் டாப்-அப் ஆண்டின் மொத்தச் செலவைக் கூட்டிப் பார்க்கும். நான்கரை லட்சத்தில் 3 லட்சம் போக எஞ்சிய ஒன்றரை லட்சம் அதற்குரியது. முதுமையில் நோய் ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. எனவே ஓய்வுபெற்றோர்க்குப் பெரும்பாலும் சூப்பர் டாப்-அப்பே ஏற்றது.

இங்கே இரு எச்சரிக்கைகள். முதலாவது, அரசுத் திட்டத்தின் 5 லட்சத்தை அடிப்படையாக எண்ணி, 5 லட்சம் தொடக்க வரம்புள்ள பாலிசியை வாங்கிவிடாதீர்கள். அரசுத் திட்டம் தன் பட்டியலிலுள்ள மருத்துவமனையில், தான் வகுத்த சிகிச்சைகளுக்கு, தான் நிர்ணயித்த கட்டணத்தையே வழங்கும். கர்நாடகத் திட்டத்தில், அவசர நிலை நீங்கலாக, தனியார் மருத்துவமனைக்குச் செல்ல அரசு மருத்துவமனையின் பரிந்துரையும் வேண்டும். நீங்களாக ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தால் அதன் பில்லில் முதல் 5 லட்சத்தை அத்திட்டம் கட்டாது. அது உங்கள் தலைமேல் விழும்.

இரண்டாவது, மகனோ மகளோ பணிபுரியும் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் பெற்றோர் பெயரும் இருப்பதால் நிம்மதியாயிருப்போர் நம்மிடையே பலர். பிள்ளை வேலை மாறும் நாளில் அப்பாதுகாப்பு முடிந்துவிடும். புதிய நிறுவனம் பெற்றோரைச் சேர்த்துக்கொள்ளும் என்பது நிச்சயமில்லை. ஆகவே சிறு தொகைக்காவது பெற்றோர் பெயரிலேயே தனி பாலிசி ஒன்று இருக்கட்டும்.

விண்ணப்பத்தில் உண்மை

காப்பீடு எடுப்பது அவிசுவாசமல்லவா என்று சிலர் கேட்பதுண்டு. செழிப்பான ஏழு ஆண்டுகளில் தானியம் சேர்த்துவைத்த யோசேப்பை எவரும் அவிசுவாசி என்று சொல்வதில்லை. ஆனால் இதைவிட நடைமுறையில் அதிகத் தீங்கு விளைவிப்பது வேறொன்று. சர்க்கரை நோயோ இருதய நோயோ இருந்த ஒருவர், ஜெபத்தினால் சுகம் பெற்றேன் என்று சபையில் சாட்சி சொல்லியிருக்கிறார். விண்ணப்பப் படிவத்தில் "இந்நோய் உண்டா, இதற்கு எப்போதேனும் சிகிச்சை பெற்றீரா?" என்ற கேள்வி வருகிறது. "இல்லை" என்று எழுதினால்தான் விசுவாசம் என அவர் கருதுகிறார்.

படிவம் கேட்பது மருத்துவ வரலாறு. என்றைக்கேனும் மருத்துவர் அந்நோயைக் கண்டு மருந்து எழுதியிருந்தால் "ஆம்" என்பதே உண்மையான விடை. இன்றைய பரிசோதனை முடிவு நன்றாயிருந்தால் அதையும் இணைத்துக் கொடுக்கலாம். சாட்சிக்கு அதனால் எந்தக் குறைவும் இல்லை. மறைத்தால், பழைய மருத்துவச் சீட்டு ஒன்று வெளிப்படும்போது கோரிக்கை மறுக்கப்படலாம், பாலிசியே ரத்தாகலாம். முகவர் தாமே நிரப்பித் தரும் படிவத்தில் கண்மூடிக் கையெழுத்திட வேண்டாம். ஒவ்வொரு விடையையும் வாசித்துப் பார்த்த பின்னரே கையொப்பமிடுங்கள்.

உண்மை சொல்பவர்க்கு விதிகளும் இப்போது துணைநிற்கின்றன. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எனப்படும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், 2024 ஏப்ரல் முதல், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பை 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைத்தது. 60 மாதங்கள் இடைவிடாது தொடர்ந்த பாலிசியில், மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி, விவரத்தை மறைத்ததாகக் காரணம் காட்டிக் கோரிக்கையை மறுக்க இயலாது. 65 வயதைக் கடந்தோர்க்கும் பாலிசிகள் வகுக்கப்பட வேண்டும் என்றாயிற்று. எனினும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஆராய்ந்து ஏற்கவோ மறுக்கவோ நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஆகவே தாமதம் நமக்கே நஷ்டம்.

பாலிசியில் தேடிப் பார்க்க வேண்டியவை

முதலாவது, அறை வாடகை வரம்பு. நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வரம்புள்ளவர் 10,000 ரூபாய் அறையில் தங்கினால், வாடகையில் மட்டும் பாதி குறையும் என எண்ண வேண்டாம். மருத்துவர் கட்டணம், அறுவைக்கூடக் கட்டணம் முதலியவற்றிலும் பாதி வெட்டப்படலாம். மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவி ஆகியவற்றுக்கு மட்டும் இவ்வெட்டு பொருந்தாது.

இரண்டாவது, கோ-பே. 20 சதவீதம் கோ-பே என்றால் ஏற்கப்பட்ட ஒவ்வொரு லட்சத்திலும் 20,000 ரூபாய் நம்முடையது. மூன்றாவது, கண்புரை, மூட்டு மாற்று போன்ற சிகிச்சைகளுக்கு உள்ள தனி வரம்பும் காத்திருப்புக் காலமும். நான்காவது, மருத்துவமனைப் பட்டியல். நீங்கள் வழக்கமாகச் செல்லும் பெங்களூரு மருத்துவமனை, ஊருக்குத் திரும்பினால் அங்கு அருகிலுள்ளது, வேலூருக்குச் செல்பவரானால் அங்குள்ளது ஆகியவை கேஷ்லெஸ் பட்டியலில் உள்ளனவா என்று பாருங்கள்.

பிரீமியத்தையும் இவ்வாண்டுக்கு மட்டும் பாராமல், 75 வயதில் எவ்வளவாகும் என்று கேளுங்கள். மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஓராண்டில் 10 சதவீதத்துக்குமேல் உயர்த்துவதானால் முன்னதாகத் தன்னைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் ஆணையம் நிறுவனங்களுக்குக் கட்டளையிட்டது. தனிநபர் மருத்துவ பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது.

பாலிசி கைக்கு வந்தபின் 30 நாட்களுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட உரிமை உண்டு. அந்நாட்களை வாசிப்பதற்குப் பயன்படுத்துங்கள். ஆங்கிலம் சிரமமானால் பிள்ளைகளையோ சபையில் விவரமறிந்த ஒருவரையோ உடனிருத்திக்கொள்ளுங்கள். கோரிக்கை நியாயமின்றி மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். அங்கும் தீராவிடில் பெங்களூருவிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

இம்மாதம் ஒரு காரியம் செய்யுங்கள். கணவனும் மனைவியுமாக அமர்ந்து, வீட்டிலுள்ள ஈ.எஸ்.ஐ. எண், நிறுவனக் கடிதம், ரேஷன் அட்டை, பிள்ளையின் குழுக் காப்பீட்டு விவரம் அனைத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, எவ்வளவு தொகை, எந்த மருத்துவமனை, எந்த நாள் வரை என்று குறித்துவையுங்கள். முகவரை அதன்பின் அழைக்கலாம். அத்தாள் எங்கே இருக்கிறதென்று பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கட்டும். நள்ளிரவில் மருத்துவமனை வாசலில் நிற்கப்போகிறவர்கள் அவர்களே.