‘மற்றவை’ என்றொரு பெட்டி

பணிமாற்றம் காரணமாக ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் குடிபெயரும் வீடுகளில், பொருள்களைப் பெட்டிகளில் அடுக்கும் வேலை பல நாள்கள் நடைபெறும். பாத்திரங்களுக்கு ஒரு பெட்டி, புத்தகங்களுக்கு ஒரு பெட்டி, கம்பளி ஆடைகளுக்கு ஒரு பெட்டி எனப் பிரித்துப் பெயரெழுதிய பின்னும், எதனோடும் சேராத பொருள்கள் சில எஞ்சி நிற்கும். கத்தரிக்கோல், பம்பரம், அகல்விளக்கு, பழைய வானொலி ஆகியவை இறுதியில் ஒரே பெட்டிக்குள் செல்லும். அதன்மேல் ‘மற்றவை’ என்று எழுதப்படும். அப்பெட்டியைக் காண்பவர் எவரும் பம்பரமும் கத்தரிக்கோலும் ஓரினம் என்று எண்ணமாட்டார். உயிரியல் வகுப்பில் மட்டும் அப்படி எண்ணும் வழக்கம் நீடித்து வருகிறது. ‘புரோட்டிஸ்டா’ என்று பாடநூல்கள் கூறும் உலகம், உறவினர் கூடி வாழும் குடும்பம் அன்று. வேறெங்கும் வைக்க இயலாத உயிர்களைப் போட்டுவைத்த பெட்டி. வகுப்பறையிலும் அதனைப் பெட்டி என்று சொல்லியே கற்பிக்க வேண்டும்.

குளத்து நீரில் ஒரு துளியை நுண்ணோக்கியின் அடியில் வைத்தால் அப்பெட்டியின் ஒரு பகுதி கண்முன் விரியும். நிலையான உருவமற்ற அமீபா, தன் உடலின் ஒரு பகுதியைப் போலிக்காலாக நீட்டி, அதனுள் எஞ்சிய உடலை வழியவிட்டு நகரும். செருப்பின் அடித்தட்டைப் போன்ற பாரமீசியம், உடலெங்கும் உள்ள குறுயிழைகளைத் துடுப்புகளாக அசைத்துச் சுழன்று நீந்தும். அதன் உடலுக்குள் ஓயாமல் புகும் நீரைச் சுருங்கும் நுண்குமிழ்கள் அவ்வப்போது வெளியேற்றும். அக்குமிழ்கள் நின்றுபோனால் அவ்வுயிர் நீரேறி வெடித்துவிடும். டயாட்டமோ கண்ணாடிப் பேழைக்குள் வாழ்வது. மூடியும் அடியுமாகப் பொருந்திய அப்பேழை சிலிக்காவால் ஆனது. உலகில் நிகழும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு டயாட்டங்களால் நிகழ்வதாக மதிப்பிடுகின்றனர்.

குளத்தை விட்டு ஈரமான காட்டுக்குச் சென்றால், உளுத்த மரத்தின்மேல் மஞ்சள் நிறத்தில் படர்ந்திருக்கும் சளிப்பூஞ்சையைக் காணலாம். பெயரில் பூஞ்சை உண்டெனினும் அது பூஞ்சை அன்று. உள்ளங்கையளவு பரந்தாலும் அது ஒரே செல். உட்கருக்கள் மட்டும் எண்ணற்றவை. மூளையோ நரம்போ இல்லாத இவ்வுயிரைச் சுற்றுவழிகள் நிறைந்த ஒரு தடத்தில் பரப்பி, அதன் இரு முனைகளிலும் ஜப்பானிய ஆய்வாளர்கள் உணவை வைத்தனர். சில மணி நேரத்தில் அது மற்ற வழிகளிலிருந்து தன் உடலைச் சுருக்கிக்கொண்டு, உணவுக்கிடையே உள்ள குறுகிய வழியில் மட்டும் நிலைத்தது. இம்முடிவு 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது.

அமீபாவையும் டயாட்டத்தையும் சளிப்பூஞ்சையையும் ஒன்றாகக் கட்டும் கயிறு யாது? செல்லுக்குள் தெளிவான உட்கரு உண்டு என்பது ஒன்று. ஆயின் அப்பண்பு மாமரத்துக்கும் மனிதனுக்கும் காளானுக்கும் பொதுவானதே. எஞ்சியவை எல்லாம் எதிர்மறைகள்: இவை தாவரம் அல்ல, விலங்கு அல்ல, பூஞ்சையும் அல்ல. ‘அல்ல’ என்று மூன்று முறை சொல்லி வரையறுக்கப்படும் ஓர் உலகத்தில் உறவைத் தேடுவது வீண். ஒரே செல்லால் ஆனவை என்று கூறித் தப்பவும் வழியில்லை. நாற்பது மீட்டருக்கும் மேல் வளர்ந்து கடலடியில் காடாக நிற்கும் பழுப்புப் பாசியையும் அறிஞர் சிலர் இதே பெட்டியில்தான் வைத்தனர்.

இந்தப் பெட்டி எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிந்தால் அதன்மேல் கோபம் வாராது. டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகரான லீவன்ஹூக், தாமே தேய்த்த கண்ணாடி வில்லைகளைக் கொண்டு 1674ஆம் ஆண்டில் ஏரிநீரை நோக்கி, அதில் திரியும் சிற்றுயிர்களைக் கண்டார். மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அறியும் ஆவலில் அதனை நீரில் ஊறவைத்துப் பார்த்தபோது, காரத்தின் காரணத்துக்கு மாறாக எண்ணிலடங்கா உயிர்களே அவர் கண்ணில் பட்டன. இலண்டன் அறிஞர்கள் முதலில் ஐயுற்றனர். 1677இல் ராபர்ட் ஹூக் செய்துகாட்டிய பின்னரே நம்பினர். அக்காலத்தில் உயிர்களுக்கு இரண்டே வீடுகள் இருந்தன. ஒன்று தாவரம், மற்றொன்று விலங்கு. பிற்காலத்தில் வகைப்பாட்டின் தந்தை எனப் போற்றப்பட்ட லின்னேயஸ், இந்தச் சிற்றுயிர்கள் சிலவற்றைப் புழுக்களின் வகுப்பில் ‘கேயாஸ்’ என்னும் பேரினத்தில் அடக்கினார். கேயாஸ் என்பதற்குக் குழப்பம் என்று பொருள். பெயரிடுவதில் அவர் காட்டிய நேர்மை பாராட்டத்தக்கது.

ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1866இல் இவற்றுக்கெனத் தனி உலகம் வகுத்து ‘புரோட்டிஸ்டா’ என்று பெயரிட்டார். அமெரிக்கரான விட்டேக்கர் 1969இல் வெளியிட்ட ஐந்துலக வகைப்பாட்டிலும் அப்பெயர் இடம்பெற்றது. இந்தியப் பள்ளிகளில் இன்றும் பயிலப்படுவது அவ்வகைப்பாட்டை ஒட்டியதே. அது வெளிவந்தபோது செல்லின் உள்ளே உள்ள மரபுப்பொருளைப் படித்து உறவறியும் முறை வளர்ந்திருக்கவில்லை. வடிவையும் உணவுமுறையையும் மட்டும் கொண்டு ஓர் அறிஞர் செய்யக்கூடிய சிறந்த பணியை விட்டேக்கர் செய்தார். அவர் செய்ததில் குறையில்லை. அதன்பின் அறியப்பட்டவற்றை அறியாதது போல் நடப்பதில்தான் குறை.

யூக்ளினாவை நோக்கினால் இது விளங்கும். பச்சையம் கொண்டு உணவு தயாரிப்பதால் அதனைத் தாவரவியலார் தமதென்றனர். கசையிழையால் நீந்துவதாலும், செல்லுலோஸ் சுவர் இல்லாமையாலும், இருளில் கரைந்த உணவை உட்கொண்டு வாழ்வதாலும் விலங்கியலார் தமதென்றனர். இருவர் நூலிலும் அது இடம்பெற்றது. மரபுப்பொருளைப் படித்தபோது இரு தரப்பினரும் எதிர்பாராத விடை கிடைத்தது. யூக்ளினாவின் நெருங்கிய உறவினருள் ஒன்று, கருங்காய்ச்சல் எனப்படும் காலா அசார் நோயைத் தரும் லீஷ்மேனியா. அந்நோய்க் கிருமியை விவரித்தவர்கள் இருவர்; ஒருவர் லீஷ்மன், மற்றவர் சென்னையில் மருத்துவப் பேராசிரியராக இருந்த சார்லஸ் டோனவன். 1903இல் நிகழ்ந்த அக்கண்டுபிடிப்பினால் ‘லீஷ்மேனியா டோனவனி’ என்னும் பெயர் நிலைத்தது. குளத்தில் பசுமையாகத் திரியும் யூக்ளினாவின் பசுங்கணிகம், அதன் முன்னோர் விழுங்கிய ஒரு பச்சைப் பாசியின் எச்சம். விழுங்கிய கிளை பச்சையாயிற்று. விழுங்காத கிளையில் சில, பிற உயிர்களின் உடலுக்குள் ஒட்டுண்ணிகளாயின.

புறத்தோற்றம் உறவைக் காட்டாது என்பது தமிழ் மரபுக்குப் புதியதன்று. தொல்காப்பிய மரபியல், வெளிப்புறத்தில் வைரம் கொண்டவற்றைப் புல் என்றும், உட்புறத்தில் வைரம் கொண்டவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. உயரத்தை அளவுகோலாகக் கொண்டிருந்தால் பனையும் தெங்கும் மாமரத்தோடு சேர்ந்திருக்கும். தண்டின் அமைப்பை நோக்கியதால் அவை புல்லோடு சேர்ந்தன. இன்றைய தாவரவியலும் தென்னையை மாமரத்தைவிடப் புல்லுக்கே நெருங்கிய உறவாகக் கொள்கிறது. ஆயினும் பேச்சு வழக்கில் ‘தென்னை மரம்’ என்ற சொல் மறையவில்லை; மறையவும் வேண்டியதில்லை. வாழும் முறையைக் குறிக்கும் சொல் வேறு, உறவைக் குறிக்கும் சொல் வேறு. ‘புரோட்டிஸ்ட்’ என்னும் சொல்லையும் மரம் என்னும் சொல்லைப் போல வைத்துக்கொள்ளலாம். அதனை ஓர் உலகமாக முடிசூட்டுவதுதான் வேண்டாதது.

இது வெறும் பெயர்ச் சண்டை என்று சிலர் எண்ணக்கூடும். மலேரியாவை எண்ணிப் பார்த்தால் அவ்வெண்ணம் மாறும். பிளாஸ்மோடியம் என்னும் அந்நோயுயிரியை மனிதக் குருதியில் 1880இல் அல்ஜீரியாவில் கண்டவர் லாவரான். கொசுவின் வயிற்றில் அது வளர்வதை 1897ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் நாள் செகந்திராபாத்தில் கண்டவர் ரொனால்டு ராஸ். அதன்பின் நெடுங்காலம் பாடநூல்கள் அதனை விலங்கைப் போன்ற ஓர் ஒருசெல் உயிரி என்றே கூறின. குருதியின் சிவப்பணுக்குள் புகுந்து தின்று பெருகும் ஒன்றுக்கும் தாவரத்துக்கும் தொடர்பிருக்கும் என்று யார் நினைப்பார்? ஆனால் 1990களில் அதன் செல்லுக்குள் நிறமிழந்த ஒரு சிறு கணிகம் இருப்பது உறுதியாயிற்று. அதன் முன்னோர் ஒருகாலத்தில் ஒரு பாசியை விழுங்கி ஒளியை உண்டு வாழ்ந்தன. ஒளிச்சேர்க்கை போய்விட்டது, கணிகம் எஞ்சியது. சில இன்றியமையாப் பொருள்கள் அதனுள் தயாராவதால், கணிகம் கெட்டால் மலேரியா உயிரியும் அழியும்.

எல்லாக் கணிகங்களும் ஆதியில் சயனோபாக்டீரியாவிலிருந்து வந்தவை. அதனால் பாக்டீரியாவைத் தாக்கும் டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகள் மலேரியாக் கணிகத்தையும் முடக்குகின்றன. அம்மருந்து மலேரியாத் தடுப்பில் பயன்படுகிறது. 2008இல் ஆஸ்திரேலியாவின் சிட்னித் துறைமுகத்துப் பவளத்தில் கண்டெடுத்து விவரிக்கப்பட்ட குரோமெரா என்னும் உயிர், பிளாஸ்மோடியத்தின் உறவாக இருந்தும் இன்றும் ஒளிச்சேர்க்கை செய்கிறது. குடும்பத்தின் பழைய தொழிலை ஓர் உறவினர் மட்டும் விடாமல் செய்து வருவதைப் போன்றது அது.

உருளைக்கிழங்கின் கதை இதனினும் துயரமானது. 1845 முதல் அயர்லாந்தில் கிழங்குச் செடிகள் கருகி அழிந்தன. ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் பசியாலும் நோயாலும் மாண்டனர், அதற்கு ஈடான தொகையினர் நாட்டைவிட்டு வெளியேறினர். கருகலை உண்டாக்கிய ஃபைட்டோஃப்தோரா, இழையிழையாகப் படர்ந்து விதைத்தூள் பரப்புவதால் நெடுநாள் பூஞ்சை என்றே கருதப்பட்டது. அது பூஞ்சை அன்று. டயாட்டத்துக்கும் பழுப்புப் பாசிக்கும் உறவு. பூஞ்சையின் செல்சுவர் கைட்டினை முதன்மையாகக் கொண்டது. இதன் சுவரிலோ செல்லுலோஸ் உண்டு. பூஞ்சைகள் தயாரிக்கும் எர்கோஸ்டீரால் என்னும் பொருளை இது தயாரிப்பதில்லை. ஆகவே அப்பொருளின் உற்பத்தியைத் தடுத்துப் பூஞ்சையைக் கொல்லும் மருந்துகள் இதன்மேல் செல்லா. இமயமலை அடிவாரத்திலும் வடஇந்தியச் சமவெளியிலும் கிழங்கு பயிரிடும் உழவருக்கு இந்த வேறுபாடு செலவும் வரவும் சார்ந்தது.

எதிர்க்கருத்தையும் எடைபோடுவது முறை. பள்ளி மாணவர்க்கு எளிமை வேண்டும், ஐந்து உலகங்கள் நினைவில் நிற்கும், புதிய வகைப்பாடோ நிலைகொள்ளாமல் மாறுகிறது என்பர். மாறுகிறது என்பது மெய்யே. பன்னாட்டு அறிஞர் குழுவினர் 2005, 2012, 2019 ஆகிய ஆண்டுகளில் திருத்தம் மேல் திருத்தமாக வெளியிட்டனர். அவற்றின் கடினமான பெயர்கள் அனைத்தையும் பதினாறு வயது மாணவர் மனப்பாடம் செய்ய வேண்டும் என்பது கொடுமையாகும். ஆயின் எளிமைக்காகப் பொய்யான உறவைக் கற்பிக்க வேண்டியதில்லை. பதினோராம் வகுப்பு உயிரியல் நூலே இவ்வுலகத்தின் எல்லைகள் தெளிவற்றவை என்று ஒப்புக்கொள்கிறது. வகுப்பு அவ்வரியில் சிறிது நேரம் நிற்க வேண்டும். அமீபாவும் பாரமீசியமும் ஏன் ஓரிடத்தில் வைக்கப்பட்டன, அவை உண்மையில் யாருக்கு உறவு என்னும் இரு வினாக்களைத் தனித்தனியே கேட்டால் போதும்.

இரண்டாம் வினாவுக்கு விடைகள் சுவையானவை. கடற்பஞ்சின் உணவூட்டும் செல்லைப் போன்றே தோற்றமளிக்கும் கோயனோஃபிளாஜெல்லேட் என்னும் ஒருசெல் உயிரி, விலங்குகளுக்கு மிக நெருங்கிய உறவு. அதாவது, பாரமீசியத்தைவிட மனிதனுக்கே நெருக்கம். காளானும் தாவரத்தைவிட விலங்குக்கே நெருங்கியது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஓரிரவு சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தபோது மக்கள் திரண்டு கண்டு களித்தனர். அவ்வொளியைத் தந்த நாக்டிலூகா, அசைவு பட்டால் மின்னும் ஒருசெல் உயிரி. அழகிய அந்த ஒளிக்கும் குளத்துப் பாரமீசியத்துக்கும் மலேரியாவைத் தரும் பிளாஸ்மோடியத்துக்கும் ஒரே மூதாதை. மூன்றின் மேலுறைக்கடியிலும் தட்டையான பைகள் வரிசையாக அமைந்திருப்பதே அவ்வுறவின் அடையாளம். மும்பையில் வாழும் மாணவருக்கு நாக்டிலூகா இன்னும் அண்மையது; அதன் பசுநிற வகை, தனக்குள் பச்சைப் பாசிகளைக் குடிவைத்துக்கொண்டு, குளிர்காலத்தில் அரபிக்கடலின் பெரும்பரப்பைப் பச்சையாக்குகிறது.

எந்த உறவிலும் அடங்காதவையும் உள்ளன. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் காட்டுவழியே நடந்த ஆய்வு மாணவி ஒருவர் சிறிது மண்ணை எடுத்துவந்து நீரில் ஊறவைத்தார். பின்னர் அதில் இருபுறமும் கசையிழைகள் வரிசையாக அமைந்த அரிய உயிர் ஒன்று நீந்தியது. அதன் மரபுப்பொருளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவின்படி, அது விலங்கு, பூஞ்சை, தாவரம் ஆகியவற்றுடன் மட்டுமன்றி, அதுவரை அறியப்பட்ட ஒருசெல் உயிரிகளின் பெருங்கிளைகள் எவற்றுடனும் சேரவில்லை. அந்நிலத்தின் தொல்குடியினரான மிக்மாக் மக்களின் கதைகளில், உடலெங்கும் மயிரடர்ந்த பெருந்தீனி அரக்கன் ஒருவன் வருவான். அவன் பெயரையே ஆய்வாளர்கள் அவ்வுயிருக்குச் சூட்டினர்.