கைப்பேசிக்குள் ஒரு மக்தப்

 

நம் சேலம், நாமக்கல் வட்டாரம் ஒரே மொழியில் வாழ்ந்த நிலம் அன்று. சேலம் கோட்டைப் பகுதியில் பல வீடுகளில் உருது ஒலிக்கும். அதே வீட்டார் கடைக்கு வந்தால் தமிழில் கணக்குப் பார்ப்பார்கள். செவ்வாய்ப்பேட்டை மண்டியில் தெலுங்கும் கன்னடமும் தெரியாத பழைய வியாபாரியைக் காண்பது அரிது. நாமக்கல் லாரி ஓட்டுநர்கள் இந்தியைக் கற்றது எந்தப் பள்ளியில்? வடநாட்டு நெடுஞ்சாலைகளிலும், சோதனைச் சாவடிகளிலும், சாலையோர உணவுக் கடைகளிலும்தான். பிழையாகப் பேசினார்கள், சிரிப்பதைப் பொருட்படுத்தாமல் மீண்டும் பேசினார்கள், மொழி வந்துவிட்டது.

இன்று அதே ஊர்களில் அயல்மொழி கற்கும் முறை வேறாகிவிட்டது. 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு, பள்ளிக்கூடத்தையே கைப்பேசிக்குள் கொண்டுவந்து வைத்தது. அது வைத்த பழக்கம் இன்னும் போகவில்லை. செவிலியர் படிப்பை முடித்த பெண் ஜெர்மன் படிக்கிறாள். பொறியியல் முடித்த பையன் ஜப்பான் மொழி படிக்கிறான். வளைகுடா செல்ல எண்ணும் தம்பிமார்களும், ஓதுவதன் பொருள் விளங்கவேண்டும் என்னும் ஆவல்கொண்ட தாய்மார்களும் அரபு படிக்கிறார்கள். சேருவோர் தொகை பெரிது. முடிப்போர் தொகை சிறிது. இணையவழிப் பாடங்களில், அதிலும் இலவசப் பாடங்களில், இது உலகெங்கும் காணப்படுவதே. ஆயினும் நம் வீடுகளில் இதற்கென்று சில தனிக் காரணங்கள் இருக்கின்றன. அவற்றைத்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் அரபு. நம் பிள்ளைகளுக்கு இதில் வேறெவருக்கும் கிட்டாத ஒரு முன்னுரிமை உண்டு. மக்தபில் உஸ்தாத் பிரம்பை வைத்துக்கொண்டு திருத்திய அந்த ஐனும் ஹாவும் ஸாதும் நாவில் பதிந்து கிடக்கின்றன. மேலைநாட்டு மாணவர் பல மாதம் பாடுபட்டு அடையும் ஒலிகள் இவை. எழுத்தும் தெரியும். ஆனால் இந்த முன்னுரிமையே ஒரு மயக்கத்தையும் தந்துவிடுகிறது. எழுத்துக்கூட்டி வேகமாக வாசிக்க வரும். வாசித்ததில் ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. வகுப்பில் சேர்ந்தவுடன் ஆசிரியை, ‘‘நீங்கள் நன்றாக வாசிக்கிறீர்களே!’’ என்று இரண்டாம் நிலைக்கு ஏற்றிவிடுகிறார். ஒரு மாதத்தில் அந்தச் சகோதரி பின்தங்குகிறார். தமக்கு அறிவு போதவில்லை என்று எண்ணிக்கொள்கிறார். அறிவில் குறையில்லை, இடம்தான் தவறு. வாசிக்கத் தெரிந்தவரும் பொருளில் முதல் படியிலிருந்தே தொடங்கவேண்டும். அதைக் கேட்டுப் பெறுவதில் வெட்கம் எதற்கு?

இன்னொரு வழக்கம். அரபுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்வது. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் என்று ஒரு எழுத்துமுறையை வளர்த்தார்கள். தமிழ் ஒலிகளுக்காகப் புதிய எழுத்துகளையே ஆக்கிக்கொண்டார்கள். நாமோ அரபைத் தமிழ் எழுத்துக்குள் அடைக்கிறோம். விளைவைப் பாருங்கள்: ‘கல்ப்’ என்று எழுதினால் அது ‘காஃப்’ என்னும் தொண்டை அடியில் பிறக்கும் எழுத்தால் அமைந்த ‘இதயம்’ ஆகவும் இருக்கலாம், சாதாரணக் ககரத்தால் அமைந்த ‘நாய்’ ஆகவும் இருக்கலாம். குறிப்பேட்டில் அரபு எழுத்தையே எழுதுங்கள். அது தெரிந்தவர்கள்தானே நீங்கள்!

சொல்வளத்திலும் நாம் வெறுங்கையோடு நிற்கவில்லை. அசல், நகல், பாக்கி, வசூல், மகசூல், மாமூல், வக்கீல், ஜாமீன், ஆஜர் ஆகிய இவையெல்லாம் அரபு மூலத்திலிருந்து கச்சேரி வழியாகவும் கடைவீதி வழியாகவும் நம் பேச்சுக்குள் வந்தவை. நாள்தோறும் மண்டியில் அரபு பேசுகிறோம், அறியாமலே! அரபின் இன்னோர் அமைப்பும் நமக்கு எளிது. பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யெழுத்து வேரில் முளைக்கின்றன. கிதாப், காதிப், மக்தப், மக்தூப் என்பவற்றில் உள்ள வேர் ஒன்றே. எழுதுதல் என்பது அதன் பொருள். மதரஸா, முதர்ரிஸ், தர்ஸ் என்பவற்றை அடுக்கிப் பாருங்கள். மஸ்ஜிதையும் ஸஜ்தாவையும் அருகருகே வையுங்கள். பத்து வேர்களை இவ்வாறு பிடித்துக்கொண்டால் ஐம்பது சொற்கள் தாமே வந்து சேரும்.

இங்கே ஒரு பெருமகனாரைப் பற்றிச் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. உலகெங்கும் இணையத்தில் அரபு கற்பிப்போர் மிகப் பலர் கையாளும் பாடநூல் ‘மதீனா நூல்கள்’ என்று வழங்கும் மூன்று பாகங்கள். அவற்றை எழுதிய டாக்டர் வி. அப்துர் ரஹீம் அவர்கள் (ரஹ்) அரபு நாட்டவர் அல்லர்; 1933இல் நம் வாணியம்பாடியில் பிறந்தவர். சேலத்திலிருந்து ஜோலார்பேட்டை தாண்டினால் வந்துவிடும் ஊர். மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் அரபு கற்பித்தார்; பின்னர் அந்நகரின் மன்னர் ஃபஹத் குர்ஆன் அச்சகத்தில் மொழிபெயர்ப்புப் பிரிவுக்குப் பொறுப்பேற்றிருந்தார். 2023 அக்டோபரில் மதீனாவிலேயே வபாத்தானார்கள். பல நாடுகளிலிருந்து வந்த, அரபு அறியாத மாணவர்களுக்காக அவர் எழுதிய நூல் அது. கையால் சுட்டிக்காட்டக்கூடிய பொருள்களில் தொடங்கி, இலக்கண விதியை முன்னால் நிறுத்தாமல், ஒரு பாடத்துக்கு ஒரு புதுமை என்று நகர்கிறது. கனடாவின் டொராண்டோ நகரிலிருந்து இயங்கும் ஒரு நிறுவனம் இந்நூல்களையும், அவற்றை வரிவரியாக விளக்கும் காணொளிப் பாடங்களையும் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அரபைத் தாமே வெளியிலிருந்து சென்று கற்ற ஒருவர் எழுதியதால்தான், கற்பவன் எங்கே தடுக்குவான் என்பது அந்நூலுக்குத் தெரிந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

வளைகுடா செல்லும் தம்பிமார்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்நூல்கள் கற்பிப்பது ஃபுஸ்ஹா என்னும் செந்நெறி அரபு. குர்ஆனும் செய்தித்தாளும் அலுவலகக் கடிதமும் அதில்தான். தெருவில் பேசுவது வேறு. ‘என்ன’ என்பதற்கு நூலில் ‘மா’ என்று படிப்பீர்கள். சவூதியில் ‘ஏஷ்’ என்பார்கள், எகிப்தியர் ‘ஏ’ என்பார்கள், துபாயில் ‘ஷூ’ கேட்கும். ‘இப்போது’ என்பது நூலில் ‘அல்ஆன்’. வளைகுடாப் பேச்சில் ‘அல்ஹீன்’. நாம் மட்டும் என்ன? ‘வந்துகொண்டிருக்கின்றேன்’ என்று எழுதுகிறோம், ‘வந்துக்கிட்டிருக்கேன்’ என்று பேசுகிறோம். கணக்கர், எழுத்தர் வேலைக்குச் செல்பவர் ஃபுஸ்ஹாவைக் கற்கட்டும். வண்டி ஓட்டவும் கடையில் நிற்கவும் செல்பவருக்குப் பேச்சு அரபே உடனடித் தேவை. பணம் கட்டுமுன் எதைக் கற்பிக்கிறார்கள் என்று கேளுங்கள்.

இனி ஜெர்மனுக்கு வருவோம். 2024 அக்டோபரில், திறன்பெற்ற இந்தியப் பணியாளருக்கு ஆண்டுக்கு 20,000 ஆக இருந்த விசாக்களை 90,000 ஆக உயர்த்துவதாக ஜெர்மனி அறிவித்தது. அதன்பின் நம் ஊர்ச் சுவர்களிலும் கைப்பேசித் திரைகளிலும் விளம்பரங்களுக்குக் குறைவில்லை. ‘மூன்றே மாதத்தில் பி2’ என்கிறார்கள் சிலர். இதைச் சற்றுக் கணக்கிடுவோம். ஐரோப்பிய மொழிகளுக்கு ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு படிகள். அங்கே செவிலியராகப் பணிபுரிய உரிமம் பெறப் பெரும்பாலும் பி2 கேட்கிறார்கள். அப்படியை எட்ட, 45 நிமிடப் பாடங்கள் 600 முதல் 800 வரை வேண்டும் என்பது ஜெர்மனியின் கோத்தே நிறுவனம் தரும் கணக்கு. குறைந்த அளவான 600ஐயே எடுத்துக்கொண்டாலும் 450 மணி நேரம். மூன்று மாதத்தில் முடிக்க ஒரு நாளும் விடாமல் ஐந்து மணி நேரம் வகுப்பில் இருக்கவேண்டும், வீட்டுப்பாடம் தனி. இரவுப் பணி பார்க்கும் ஒரு செவிலியருக்கு இது இயலுமா? நகையை அடகு வைக்குமுன் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

ஜெர்மன் கடினம் என்று அஞ்சுவோருக்கு ஓர் ஆறுதல். நமக்கு வேற்றுமைகள் எட்டு, அவர்களுக்கு நான்குதான். துணை வாக்கியங்களில் அவர்கள் வினையைக் கடைசியில் வைப்பதைக் கண்டு ஆங்கிலேயர் திகைப்பார். தமிழருக்கு அது பிறந்த வீடு. ஜப்பான் மொழியிலும் வினை கடைசியில்தான்; உருபுகளும் சொல்லுக்குப் பின்னால்தான். ஜெர்மனில் நம்மை உலுக்குவது பால் பாகுபாடு. நாற்காலிக்கும் மேசைக்கும் ஆண், பெண், பொது என்று அடைமொழி உண்டு. ‘சிறுமி’ என்னும் சொல்லோ பொதுப்பால்! ஆனால் சூரியன் அங்கே பெண்பால், சந்திரன் ஆண்பால். அரபு படித்தவர் இதைக் கேட்டு வியக்கமாட்டார். ஷம்ஸும் கமரும் அப்படியேதான்.

உண்மையான தடை மொழியில் இல்லை; இடையில் நிற்கும் ஆங்கிலத்தில் இருக்கிறது. பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலம் வழியே கற்பிக்கின்றன. தமிழ்வழியில் பயின்ற பெண், ஜெர்மன் இலக்கணத்தை அறிய ஆங்கில இலக்கணச் சொல்லை முதலில் அறியவேண்டியிருக்கிறது. இரண்டு சுமை. இத்தகையோருக்கு, ஜெர்மன் வானொலி நிறுவனமான டாய்ச்ச வெல்ல இலவசமாக வழங்கும் ‘நிக்கோஸ் வேக்’ என்னும் கதைவடிவப் பாடம் உதவும். வேற்றுநாட்டு இளைஞன் ஒருவன் ஜெர்மனிக்கு வந்து தடுமாறும் கதை, பார்த்தாலே பாதி விளங்கும். மத்திய அரசின் ‘ஸ்வயம்’ தளத்திலும் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியரின் ஜெர்மன் பாடம் வந்திருக்கிறது. கற்பது இலவசம், தேர்வெழுதுவோருக்கே கட்டணம். அந்தச் சான்றிதழ் விசாவுக்குச் செல்லாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் வட்டாரத்துப் பிள்ளைகளிடம் இன்னொரு பழக்கமும் ஊறியிருக்கிறது. ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் பள்ளிகளின் மதிப்பெண் புகழ் தமிழகம் அறிந்தது. வினாவும் விடையுமாக மனப்பாடம் செய்வதில் இவர்களை வெல்ல ஆளில்லை. சொற்பட்டியலை ஒரே இரவில் விழுங்கிவிடுவார்கள். ஆனால் தேர்வாளர் எதிரில் அமர்ந்து, ‘‘நேற்று என்ன சமைத்தீர்கள்?’’ என்று எதிர்பாராமல் கேட்டால் வாயடைத்துப் போகிறார்கள். கைப்பேசிச் செயலிகளும் இதற்கு மருந்தல்ல. நாள்தோறும் ஐந்து நிமிடம் தொட்டுவிட்டு, ‘நூறு நாள் தொடர்ச்சி’ என்று ஒரு தீச்சுடர்ப் படம் பெற்று மகிழ்வது பழக்கத்தைக் காப்பாற்றும், வாயைத் திறக்காது.

வாயைத் திறப்பதில்தான் நம் வீட்டுப் பெண்களின் இடர் இருக்கிறது. அயல்மொழியை உரக்கச் சொல்லிப் பழகவேண்டும். கூட்டுக் குடும்பத்துக் கூடத்தில் எப்படிச் சொல்வது? கொழுந்தன் பிள்ளைகள் சிரிக்கும். மாமியார், ‘‘யாரோடு பேசுகிறாய்?’’ என்பார். வகுப்பு மாலை ஏழு மணிக்கு என்றால், மக்ரிபும் இரவுச் சமையலும் பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் அதே நேரத்தில்தான். வீட்டில் இரண்டு கைப்பேசிகள் இருந்தால் ஒன்று அத்தாவோடு கடைக்குச் சென்றுவிடும். படம் தெரியும்படி அமரச் சொல்லும் ஆசிரியர் ஆணாக இருந்தால் அதிலும் தயக்கம். ஆகவே பெண்கள் ஒலிவாங்கியை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆறு மாதம் கேட்டும் பேச வரவில்லையே என்று வருந்துகிறார்கள். பெண் ஆசிரியை நடத்தும் சிறு வகுப்புகள் உள்ளன, குரல் மட்டும் போதும் என்று இசைவோரும் உள்ளனர், விசாரித்தால் கிடைக்கும். வீட்டார் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: கதவு சாத்தக்கூடிய ஓர் அறையையும் ஒரு கைப்பேசியையும் நாளுக்கு முக்கால் மணி நேரம் அவளுக்கு ஒதுக்கித் தருவது. மகன் தேர்வுக்குப் படிக்கும்போது தொலைக்காட்சியை அணைக்கும் நாம், மருமகளுக்காக அணைத்ததுண்டா?

தேர்வைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாடம் கைப்பேசியில் முடியலாம். ஏற்புடைய தேர்வு நேரில்தான். ஜெர்மனுக்குக் கோவையோ சென்னையோ செல்லவேண்டும். ஜப்பான் மொழித் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடைபெறுகிறது. அதில் பேச்சுத் தேர்வு கிடையாது, எனவே சான்றிதழ் இருந்தும் பேச வராதவர்கள் உண்டு. சேலத்திலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 340 கிலோமீட்டர். பெண் பிள்ளையோடு துணைக்கு ஒருவர், முந்தின இரவு தங்குமிடம் என்று செலவு கூடும். இதையும் கட்டணத்தோடு சேர்த்தே எண்ணுங்கள். தேர்வு இடங்கள் விரைவில் நிரம்பிவிடுவதால், எந்த மாதத் தேர்வு என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு வகுப்பில் சேருங்கள். கோத்தே நிறுவனத்தின் பி1, பி2 தேர்வுகள் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகளாக நடைபெறுகின்றன. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வேண்டும். ஒன்றில் மட்டும் தவறினால் அந்த ஒன்றை மட்டும் மீண்டும் எழுதலாம். நான்குக்கும் சேர்த்துத் திரும்பவும் பணம் கட்டச் சொல்லும் பயிற்சி நிலையத்தாரிடம், ஏன் என்று கேளுங்கள்.