ஈரத்தையும் கணக்கில் எடுங்கள்

கல்வராயன் மலையடிவாரத்தில் இரவு குளிர்கிறது. கள்ளக்குறிச்சிக் கட்டடங்களின் மொட்டை மாடி ஏசிகளில், வெளிக்காற்றை உள்ளே விட்டுக் குளிர்விக்கும் எகனாமைசர் பொருத்தி, வெளியே 24 டிகிரிக்கு இறங்கியதும் அதன் காற்றுவழி மடலான டேம்பரைத் திறந்தால் மின்சாரம் மிச்சம் என்கிறார்கள். பாதிதான் சரி.

வெப்பநிலையை மட்டும் பார்க்கும் சென்சாருக்கு ஈரம் தெரியாது. ஐப்பசி மழை இரவில் 24 டிகிரி, 90 சதவீத ஈரப்பதம் என்றால், ஒரு கிலோ காற்றில் சுமார் 67 கிலோஜூல் வெப்பம். உள்ளே 26 டிகிரி, 50 சதவீதம் என்றால் 53தான். ஆக, உள்ளே வருவது கூடுதல் சுமை. அந்தக் காற்றிலுள்ள ஈரத்தை நீராக வடித்தெடுக்கக் கம்ப்ரசர்தான் உழைக்க வேண்டும். 2017-ம் ஆண்டின் மத்திய எரிசக்தி சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பே, வெப்பமும் ஈரமும் மிகுந்த மண்டலத்துக்கு எகனாமைசர் கட்டாயத்திலிருந்து விலக்கு தந்திருக்கிறது.

எகனாமைசரே கூடாது என்பதல்ல என் வாதம். பனிக்கால விடியலில் 19 டிகிரி, 90 சதவீதம் என்றாலும் 50 கிலோஜூல்தான். இரவெல்லாம் ஏசி ஓடும் ஆஸ்பத்திரியில் அப்போது தாராளமாகத் திறக்கலாம். ஆனால் வெப்பம், ஈரம் இரண்டையும் அளக்கும் சென்சார் வேண்டும். அது நிழலில், கண்டன்சரின் சூடான காற்று படாத இடத்தில் இருக்க வேண்டும். டேம்பர் முழுதாக மூடுகிறதா என்று நேரில் பார்க்க வேண்டும். இவற்றைச் செய்யாமல் சேமிப்புக் கணக்கு சொல்லாதீர்கள்.